கார்மேல் உத்தரியம் தரித்த சைக்கிள் வீரர்

ஜூபிலி மலர்களில் புனிதர் சரிதைகளுக்குக் குறைவில்லை. வேதசாட்சிகளும் கன்னியரும் தபோதனரும் இத்தகைய பக்கங்களை அலங்கரிப்பது வழக்கம், அது தக்கதே. ஆனால் மாலை நேரத்தில் ஆலய மைதானத்தில் பந்து உதைத்துவிட்டு, பூசைக்கு இரண்டாம் மணி அடித்தபின் வியர்வை காயாமல் கடைசி வரிசையில் வந்து நிற்கிறானே, அந்தப் பையனுக்கு இம்மலரில் என்ன வைத்திருக்கிறோம் என்ற கேள்வி நமக்குள் எழுந்தது. அவனுக்காக இத்தாலி நாட்டுச் சைக்கிள் வீரர் ஒருவரின் வரலாற்றை இங்கே தருகிறோம்.

அவர் பீடத்தில் ஏற்றப்பட்ட புனிதர் அல்லர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சிகரெட் பிடித்தவர். திராட்சை இரசம் அருந்தியவர். முன்கோபி. "எல்லாம் தப்பு, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும்" என்று எதையெடுத்தாலும் குறை சொல்லுகிறவர் என்று அவர் நாட்டார் இன்றும் சிரித்துக்கொண்டே நினைவுகூருகின்றனர். அவர் பெயர் ஜீனோ பார்த்தாலி.

குடும்பமும் சைக்கிள் கடையும்

பிளாரன்ஸ் நகருக்கு அருகில் போந்தே ஆ ஏமா என்ற சிற்றூர். அங்கே 1914-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் நாள் ஜீனோ பிறந்தார். தந்தை தொரெல்லோ உடலுழைப்பால் வீட்டைக் காத்தவர். தாய் பெயர் ஜூலியா. அனித்தா, நத்தலீனா என இரு தமக்கையர். ஜூலியோ என்று ஒரு தம்பி. ஏழைக் குடும்பம், ஆனால் செபமாலை தவறாத குடும்பம்.

தந்தை தொரெல்லோ, பிலாத்தி என்ற கட்டட ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்து வந்தார். பிலாத்தி சோசலிஸ்டுக் கட்சிக்காரர், பாராளுமன்ற உறுப்பினராக இருந்தவர். 1925-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பாசிஸ்டு முரடர்கள் அவரைச் சுட்டுக் கொன்றனர். அரசியலுக்குக் கிட்டப் போகாதே, வாயைக் காத்துக்கொள் என்று தொரெல்லோ தம் மகனுக்குச் சொல்லி வளர்த்ததற்கு இந்தக் கொலையும் ஒரு காரணம். அந்த எச்சரிக்கையை மகன் தம் வாழ்நாளில் எவ்விதம் கடைப்பிடித்தார், எவ்விதம் மீறினார் என்பதைப் பின்னர் பார்ப்போம்.

அந்த ஊர்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குமேல் இல்லை. மேற்கொண்டு படிக்க நகரத்துக்குப் போக வேண்டும். போக சைக்கிள் வேண்டும். இப்படித்தான் ஒரு பழைய சைக்கிள் அந்த வீட்டுக்குள் வந்தது. படிப்பு அதிக தூரம் ஓடவில்லை, சைக்கிள் ஓடியது. பதின்மூன்று வயதளவில் ஊரிலிருந்த சைக்கிள் கடையில் ஜீனோ வேலைக்குச் சேர்ந்தார். பஞ்சர் ஒட்டவும், சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்கவும், செயின் மாற்றவும் கற்றுக்கொண்டார். நம் ஊர்களில் சைக்கிள் கடைப் பையன்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சியை நாம் வருணிக்க வேண்டியதில்லை. கைநிறைய எண்ணெய்க் கரியும், கண்நிறைய வேகக் கனவும் எந்த நாட்டிலும் ஒன்றுதான். கடைக்காரர் ஞாயிறுகளில் ஓட்டப்போகும்போது பையனையும் உடன் அழைத்துச் சென்றார். மலையேற்றத்தில் பெரியவர்கள் மூச்சு வாங்குகையில் இந்தப் பையன் மட்டும் பேசிக்கொண்டே வருவதைக் கண்டார். பந்தயத்தில் விட வேண்டிய பையன் இவன் என்று தந்தையிடம் போய்ச் சொன்னவரும் அவரே. தந்தைக்கு மனமில்லை, வெகுநாள் வற்புறுத்தியபின்பே இசைந்தார்.

சிறு வயதிலேயே ஜீனோ கத்தோலிக்கச் செயல் இயக்கத்தில் சேர்ந்திருந்தார். பாசிஸ்டு அரசு எல்லா இளைஞர் சங்கங்களையும் தன் கைக்குள் போட்டுக்கொண்ட காலம் அது. திருச்சபையின் நிழலிலிருந்த இவ்வியக்கம் ஒன்றே ஓரளவு தனித்து நின்றது. பந்தய வீரராகப் புகழ் பெற்ற பிறகும் அந்தச் சங்கத்தின் சின்னத்தை அவர் சட்டையிலிருந்து கழற்றவில்லை. பத்திரிகைக்காரர்கள் 'பக்தன் ஜீனோ' என்று பெயர் சூட்டினர். அதில் பாதி மரியாதை, பாதி கேலி.

தம்பியின் மரணம்

1935-இல் ஜீனோ தொழில்முறைப் பந்தய வீரரானார். அடுத்த ஆண்டே, 1936-இல், இத்தாலி நாட்டைச் சுற்றி வரும் ஜிரோ என்னும் பெரும் பந்தயத்தை வென்றார். அப்போது வயது இருபத்தொன்று. நாடெங்கும் அவர் பெயர் ஒலித்தது.

வெற்றி விழாக்கள் அடங்கவில்லை. அதே ஜூன் மாதத்தில் தம்பி ஜூலியோ ஓர் இளைஞர் பந்தயத்தில் ஓட்டிக்கொண்டிருந்தபோது, பந்தயப் பாதையில் வந்துவிட்ட ஒரு காரின் மேல் மோதி விழுந்தார். மருத்துவமனையில் சிகிச்சை செய்தும் பிழைக்கவில்லை. அண்ணனைப் பார்த்தே சைக்கிள் ஏறிய தம்பி. அண்ணனைவிட இவன் மேலாக வருவான் என்று ஊரில் சிலர் பேசிக்கொண்டதுண்டு.

இந்த இடத்தை நாம் விரைந்து கடக்க விரும்பவில்லை. விளையாட்டு வீரர் வரலாறுகளை எழுதுகிறவர்கள் துக்கத்தை ஒரு வரியில் முடித்து, 'ஆயினும் மனம் தளராமல்' என்று அடுத்த வெற்றிக்குத் தாவிவிடுவார்கள். ஜீனோ மனம் தளர்ந்தார் என்பதே உண்மை. பந்தயமே வேண்டாம் என்று முடிவு செய்து சைக்கிளைத் தொடாமல் இருந்தார். தம்பியைச் சாலைக்கு இழுத்து வந்தது தாமே என்ற எண்ணம் அவரை அரித்தது. பெற்றோர் முகத்தில் விழிக்க அவருக்கு எவ்வளவு கடினமாயிருந்திருக்கும் என்பதைப் பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகள் அறியும். அவரை மணக்கவிருந்த அதிரியானா பானி என்ற பெண்ணும் நண்பர்களும் மெல்ல மெல்லப் பேசி அவரைத் திரும்பக் கொண்டு வந்தனர். அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் லொம்பார்தியப் பந்தயத்தில் கலந்துகொண்டு வென்றார்.

ஆனால் திரும்பி வந்தவர் பழைய ஜீனோ அல்லர். 1937-இல் கார்மேல் மூன்றாம் சபையில் சேர்ந்து உத்தரியம் தரித்தார். நம் பங்கின் இளையோருக்காக ஒரு விளக்கம்: மூன்றாம் சபை என்பது இல்லறத்தார்க்குரியது. மடத்துக்குப் போகாமல், தொழிலையும் குடும்பத்தையும் விடாமல், சபையின் செபங்களையும் ஒழுங்குகளையும் ஏற்று வாழ்கிறவர்கள் அதில் சேர்வார்கள். நம் கோவில்களில் சிறுமலர் என்று நாம் சுரூபம் வைத்துக் கும்பிடும் குழந்தை இயேசுவின் புனித தெரேசம்மாள் அவருக்கு மிகவும் பிரியமான புனிதை. அவள் பெயரையே தம் சபைப் பெயரோடு சேர்த்துக்கொண்டார். பின்னாளில் வீட்டிலேயே அவளுக்கு ஒரு சிற்றாலயம் வைத்திருந்தார். இருபத்துநான்கு வயதில் மடத்துக்குள் இறந்துபோன கன்னிகை ஒருத்தியிடம், மலைச்சாலைகளில் நாளொன்றுக்கு இருநூறு, இருநூற்றைம்பது கிலோமீட்டர் மிதிக்கும் முரட்டு மனிதர் கண்டது என்ன என்று நாம் யோசித்ததுண்டு. தம்பியைப் போலவே அவளும் இளமையில் போனவள்.

1937-இல் மீண்டும் ஜிரோவை வென்று, பிரான்ஸ் நாட்டுச் சுற்றுப் பந்தயத்துக்குப் போனார். உலகில் இதைவிடக் கடினமான சைக்கிள் பந்தயம் இல்லை. முதலிடத்தில் இருப்பவருக்குரிய மஞ்சள் சட்டையையும் அணிந்துவிட்டார். பிரியான்சோன் நோக்கிச் சென்ற நாளில், ஒரு மரப்பாலத்தில் முன்னே சென்ற தோழர் சறுக்கி விழ, ஜீனோ பாலத்திலிருந்து பனிநீர் ஓடையில் விழுந்தார். ஈரத்தோடும் காயத்தோடும் அன்றைய தூரத்தை முடித்தார். சில நாட்களில் இத்தாலியச் சங்கத்தார் அவரைப் பந்தயத்திலிருந்து விலக்கிக்கொண்டனர். தாம் ஓட்ட முடியும் என்றே அவர் கடைசி வரை சாதித்தார்.

1938-இல் பாசிஸ்டு அரசுக்கு பிரான்ஸ் மண்ணில் ஒரு வெற்றி வேண்டியிருந்தது. அதற்காகவே அவரை அவ்வாண்டு ஜிரோவில் ஓட்டவிடாமல் நிறுத்தி, பிரான்சுக்கு அனுப்பினர். அவர் வென்றார்; இரண்டாமவரைவிட 18 நிமிடம் 27 விநாடி முன்னதாக. ஆனால் முசோலினிக்குக் காணிக்கை என்று அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. ஊர் திரும்பியபோது அரசு வரவேற்பும் இல்லை. தந்தை கற்பித்த மௌனம் இங்கே வேறொரு பயன் தந்ததாகவே நமக்குத் தோன்றுகிறது.

கர்தினாலின் அழைப்பு

அதே 1938 ஜூலையில்தான், அவர் பிரான்சில் மலை ஏறிக்கொண்டிருந்தபோது, இத்தாலியில் இனக் கொள்கை அறிக்கை வெளியாயிற்று. இலையுதிர் காலத்தில் சட்டங்கள் வந்தன. யூதப் பிள்ளைகள் பள்ளிகளிலிருந்து விலக்கப்பட்டனர். யூத ஆசிரியர்களும் அரசு அலுவலர்களும் வேலை இழந்தனர்.

பிளாரன்ஸ் பேராயர் கர்தினால் எலியா தல்லா கோஸ்தாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். 1938 மே மாதம் இட்லர் பிளாரன்சுக்கு வந்தபோது நகரமே கொடியும் தோரணமுமாயிருந்தது. ஆயர் இல்லத்தின் சன்னல்கள் மாத்திரம் சாத்தியே கிடந்தன, கர்தினால் விழாவில் தலைகாட்டவில்லை. 2017-இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தது. ஜீனோவுக்கும் அதிரியானாவுக்கும் 1940 நவம்பர் 14-ஆம் நாள் திருமணம் நடத்தி வைத்தவர் இவரே.

அதற்குள் போர் வந்துவிட்டது. அவ்வாண்டு ஜிரோவை ஜீனோவின் குழுவிலேயே இருந்த பௌஸ்தோ கோப்பி என்ற இருபது வயது இளைஞர் வென்றார். பந்தயம் முடிந்த மறுநாள், ஜூன் 10-இல், முசோலினி போர் அறிவித்தான். ஜீனோ இராணுவத்துக்கு அழைக்கப்பட்டார். இதயத் துடிப்பு சீராக இல்லை என்று வைத்தியர்கள் கண்டதால் போர்முனைக்கு அனுப்பாமல் தபால் கொண்டுசெல்லும் வேலை கொடுத்தனர். உலகின் தலைசிறந்த சைக்கிள் வீரருக்கு சைக்கிளில் தபால் வேலை! 1941-இல் மூத்த மகன் அந்திரேயா பிறந்தான்.

1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்தது; ஜெர்மானியப் படைகள் நாட்டின் வட பகுதியையும் நடுப் பகுதியையும் பிடித்துக்கொண்டன. யூதர்களை வீடு வீடாகத் தேடிப் பிடித்து இரயில் ஏற்றும் கொடுமை தொடங்கிற்று. பிளாரன்சில் யூத ரபி நாத்தான் கசூத்தோவும் கர்தினால் தல்லா கோஸ்தாவும் சேர்ந்து மறைவிட ஏற்பாடு ஒன்றை அமைத்தனர். மடங்கள் கதவைத் திறந்தன; குருக்கள் உணவும் பணமும் திரட்டினர். ரபி கசூத்தோ நவம்பரில் காட்டிக் கொடுக்கப்பட்டுக் கைதானார்; அவர் உயிரோடு திரும்பவில்லை.

மறைந்திருப்பவனுக்கு உணவு மட்டும் போதாது. வேறு பெயரில் ஓர் அடையாளச் சீட்டும் வேண்டும். அச்சீட்டுகள் அசிசி நகரில் தயாராயின. புனித பிரான்சிஸ் பிறந்த அதே அசிசிதான். அங்கே ஆயர் நிக்கொலீனி, அருட்தந்தையர் புருனாச்சி, நிக்காச்சி ஆகியோர் அகதிகளை மடங்களில் ஒளித்து வைத்தனர். லூயிஜி பிரிட்சி என்ற வயதான அச்சகக்காரரும் அவர் மகனும் இரவில் கள்ளச் சீட்டுகள் அச்சடித்தனர். அதற்கு வேண்டிய புகைப்படங்களும் காகிதங்களும் பிளாரன்சிலிருந்து எப்படி வந்தன? ஜீனோ பார்த்தாலியின் சைக்கிளில் வந்தன என்பது சாட்சியங்கள் கூறும் செய்தி. சீட்டைக் கழற்றி, ஃபிரேம் குழாய்க்குள் சுருட்டி வைத்து, மறுபடி சீட்டைப் பொருத்திவிடுவாராம். நூற்றெழுபது கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. சோதனைச் சாவடியில் சிப்பாய்கள் நிறுத்தினால், பந்தயத்துக்குப் பயிற்சி செய்கிறேன் என்பார். புகழ்பெற்ற முகம், சிப்பாய்கள் பந்தயம் பற்றிப் பேசி அனுப்பிவிடுவார்கள். சைக்கிளைத் தொடாதீர்கள், அதன் அளவுகள் எல்லாம் எனக்கென்று நுட்பமாகப் பொருத்தியவை என்பாராம்.

இன்னொன்றும் செய்தார். கோல்டன்பர்க் என்ற யூதக் குடும்பத்தாரை, பிளாரன்சில் தமக்குச் சொந்தமான ஒரு வீட்டிலும், பின்பு அதன் நிலவறையிலும் ஒளித்து வைத்தார். தாய், தந்தை, ஜோர்ஜியோ என்ற சிறுவன், அவன் தங்கை. அதே காலத்தில் அவர் வீட்டிலும் மனைவியும் சின்னஞ்சிறு மகனும் இருந்தனர் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும். யூதரை ஒளித்து வைத்தவனுக்குத் தண்டனை என்னவென்று அவருக்குத் தெரியும். அதிரியானாவிடம் அவர் முழு விவரமும் சொல்லவில்லை. கேட்டால் அவளுக்குத் தெரியாதிருக்கட்டும் என்ற எண்ணம்.

1944 ஜூலையில் அவரை விசாரணைக்கு இழுத்துச் சென்றனர். பிளாரன்ஸ் மக்கள் 'துயர மாளிகை' என்று பெயரிட்ட வீடு. சித்திரவதைக்குப் பெயர்போன மேஜர் மாரியோ கரிதா அங்கே அதிகாரி. (கரிதா என்ற சொல்லுக்கு இத்தாலிய மொழியில் 'பிறரன்பு' என்று பொருள். எழுதும்போதே கை கூசுகிறது.) வத்திக்கானிலிருந்து அவருக்கு வந்த நன்றிக் கடிதங்கள் அவர்கள் கையில் சிக்கியிருந்தன. எதற்கு நன்றி, ஆயுதம் அனுப்பினாயா என்று கேட்டனர். மாவும் சர்க்கரையும் காப்பியும் ஏழைகளுக்கு அனுப்பினேன் என்றார். சில நாட்கள் அடைத்து வைத்தனர். அவருடைய பழைய இராணுவ மேலதிகாரி ஒருவர் அங்கிருந்து அவருக்காகப் பேசியதால் விடுதலையானார். ஆகஸ்டு மாதம் பிளாரன்ஸ் விடுவிக்கப்பட்டது. கோல்டன்பர்க் குடும்பத்தார் நால்வரும் உயிரோடு வெளியே வந்தனர்.

உள்ளதை உள்ளபடி

இங்கே வாசகர்களிடம் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பார்த்தாலி 800 யூதர்களைக் காப்பாற்றினார் என்று பல இடங்களில் அச்சாகியிருக்கிறது. அந்தக் கணக்குக்குப் பட்டியல் எதுவும் இல்லை. சைக்கிளில் காகிதம் கொண்டுபோன செய்தி முதலில் பரவியது, 1978-இல் வெளிவந்த அலெக்சாந்தர் ரமாத்தியின் அசிசி பற்றிய நூல் வழியாக. அது வரலாற்றையும் கதைப் போக்கையும் கலந்து எழுதிய நூல். 2017-இல் மிக்கேலே சர்ஃபாத்தி என்ற வரலாற்று ஆசிரியர் இச்செய்திக்கு உறுதியான ஆவணம் போதாது என்று எழுதினார். 2021-இல் வேறொரு நூல் இன்னும் கடுமையாக மறுத்தது. மறுபுறம், எருசலேமிலுள்ள யாத் வாஷெம் நிறுவனம் சாட்சியங்களை விசாரித்து 2013-இல் 'நாடுகளிடையே நீதிமான்' என்ற பட்டத்தை அவருக்கு அளித்தது. கர்தினால் தல்லா கோஸ்தாவுக்கு 2012-இலும், அச்சகக்காரர் பிரிட்சிக்கும் மகனுக்கும் 1997-இலும் இதே கௌரவம் கிடைத்திருந்தது.

நம் கருத்து இது. ஆவணம் இல்லாதது வியப்பல்ல. பிடிபட்டால் சாவு என்றிருக்கும் வேலைக்கு யார் பேரேடு எழுதி வைப்பார்கள்? ஆயினும் எண்ணிக்கையைப் பெருக்கிச் சொல்வதால் அவருக்குப் பெருமை கூடப்போவதில்லை. பக்தியின் பெயரால் மிகைப்படுத்தும் பழக்கம் நம்மிடமும் உண்டு. ஜூபிலி மலர் எழுதுகிற நாமும் அதற்கு விலக்கல்ல. ஆனால் நிலவறையில் ஒளிந்திருந்த சிறுவன் ஜோர்ஜியோ முதுமையடைந்து இஸ்ராயேல் நாட்டில் வாழ்ந்தபோது தன் வாயால் சாட்சி சொன்னார்: நாங்கள் உயிரோடிருப்பது அவரால்தான் என்று. தமக்குப் பார்த்தாலி ஒரு நீல நிறச் சின்ன சைக்கிள் வாங்கிக் கொடுத்ததையும் அவர் மறக்கவில்லை. கோல்டன்பர்க் வீட்டுக் கணக்கு நான்கு பேர். அது ஒன்றே போதும் என்று நாம் நினைக்கிறோம்.

பார்த்தாலி தாமாக இதைப் பற்றிப் பேசியதே அரிது. நன்மையைச் செய்ய வேண்டும், சொல்லித் திரியக்கூடாது என்பது அவர் கொள்கை. மகன் அந்திரேயாவிடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லி, வெளியே சொல்லாதே என்று கட்டளையிட்டிருந்தார். சில பதக்கங்கள் சட்டையில் குத்திக்கொள்வதற்கல்ல, ஆன்மாவுக்கே உரியவை என்ற பொருளில் தந்தை பேசியதை மகன் பின்னாளில் பலமுறை எடுத்துரைத்திருக்கிறார்.

1948 ஜூலை

போர் முடிந்தபோது அவருக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. சைக்கிள் வீரனின் சிறந்த ஆண்டுகளைப் போர் விழுங்கிவிட்டது. ஆயினும் 1946 ஜிரோவில் கோப்பியை 47 விநாடி வித்தியாசத்தில் வென்றார். 1947 செப்டம்பரில் கத்தோலிக்கச் செயல் இயக்கத்தார் உரோமையில் கூடியபோது, திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் தம் உரையில் பார்த்தாலியின் பெயரைச் சொல்லியே அவரை எடுத்துக்காட்டினார். புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய நிருபத்தில் பந்தய வீரனை உவமையாகக் காட்டினாரல்லவா? உவமைக்கு உயிருள்ள ஆள் கிடைத்துவிட்டார்.

1948 பிரான்ஸ் பந்தயம் 4,922 கிலோமீட்டர். கிழவர் வந்திருக்கிறார் என்று பத்திரிகைகள் எழுதின. லூர்து நகரில் முடிந்த கட்டத்தை அவர் வென்றார். மாதாவின் காலடியில் அந்த வெற்றி அவருக்கு எவ்வளவு இனித்திருக்கும்! ஆனால் அதன்பின் பின்தங்கினார். ஜூலை 14-ஆம் நாள் கான் நகரில் ஓய்வு. முதலிடத்திலிருந்த 23 வயது பிரெஞ்சு இளைஞர் லூயிசோன் போபேயைவிட 21 நிமிடத்துக்கு மேல் பின்னால் இருந்தார். இத்தாலியப் பத்திரிகைக்காரர்கள் சிலர் மூட்டை கட்டத் தொடங்கினர்.

அதே நாள் உரோமையில், பாராளுமன்றக் கட்டடத்துக்கு வெளியே கம்யூனிஸ்டுத் தலைவர் தொல்யாத்தியை ஒருவன் துப்பாக்கியால் சுட்டான். நாடெங்கும் வேலைநிறுத்தம், கலவரம், சாவு. உள்நாட்டுப் போர் மூளுமோ என்ற அச்சம். அன்றிரவு கான் ஓட்டலுக்குத் தொலைபேசி வந்தது. பேசியவர் பிரதமர் தே காஸ்பெரி. கத்தோலிக்க இயக்க நாட்களிலிருந்தே பழக்கமானவர். நாடு கொந்தளிக்கிறது, நீ வென்றால் நல்லது என்று கேட்டுக்கொண்டார்.

மறுநாள் கானிலிருந்து பிரியான்சோன் வரை 274 கிலோமீட்டர். அல்லோஸ், வார்ஸ், இசோவார்டு என்ற மூன்று கணவாய்கள். குளிரும் மழையும் சேறும். பார்த்தாலி தனியே போய்ச் சேர்ந்தார். போபேயின் 21 நிமிடம் 1 நிமிடம் 6 விநாடியாகச் சுருங்கியது. அதற்கடுத்த நாள் கலிபியே முதலிய மலைகளைக் கடந்து மீண்டும் வென்று மஞ்சள் சட்டையை அணிந்தார். அது ஜூலை 16. கார்மேல் அன்னையின் திருநாள். ஓய்வுக்குப் பின் 18-ஆம் நாள் லொசான் நகரில் மூன்றாம் வெற்றி. அன்று அவருக்கு 34 வயது நிறைந்தது. ஏழு கட்டங்களை வென்று, 26 நிமிடம் 16 விநாடி வித்தியாசத்தில் பாரிஸ் சேர்ந்தார். முதல் வெற்றிக்கும் இரண்டாம் வெற்றிக்கும் பத்து ஆண்டு இடைவெளி. இவ்வளவு நீண்ட இடைவெளிக்குப் பின் அப்பந்தயத்தை இன்றுவரை வேறு எவரும் வெல்லவில்லை.

உள்நாட்டுப் போரைத் தடுத்தது பார்த்தாலியின் சைக்கிள்தான் என்று இத்தாலியர் சொல்வதுண்டு. அதையும் சற்றுக் குறைத்தே சொல்வோம். தொல்யாத்தி பிழைத்துக்கொண்டார்; படுக்கையிலிருந்தே தம் கட்சியாரை அமைதியாயிருக்கச் சொன்னார்; தொழிற்சங்கம் வேலைநிறுத்தத்தை நிறுத்தியது. கொதித்துக்கொண்டிருந்த வீதிகளில் வானொலியைச் சுற்றி இரு கட்சியாரும் ஒன்றாக நின்று காதைக் கொடுத்தார்கள் என்பது மட்டும் மெய்.

இரு அண்ணன்மார்

கோப்பியைப் பற்றிச் சொல்லாமல் இவ்வரலாறு முடியாது. இத்தாலி அந்நாளில் இரண்டாகப் பிரிந்து நின்றது: பார்த்தாலி கட்சி, கோப்பி கட்சி. 1948 உலகப் போட்டியில் இருவரும் ஒருவரையொருவர் வெல்லவிடக்கூடாது என்றே பார்த்துக்கொண்டிருந்து, கடைசியில் இருவருமே பாதியில் விலகி ஊராரின் ஏச்சுக்கு ஆளாயினர். 1946-இல் கோப்பி ஒரு மலைச்சாலையில் ஏதோ குடித்துவிட்டு எறிந்த குப்பியைப் பார்த்தாலி பின்னர் போய்த் தேடி எடுத்து, அதில் என்ன மருந்து என்று பரிசோதிக்கக் கொடுத்தாராம். வெறும் சத்து மருந்து என்று தெரிந்தது! பக்தருக்கும் பொறாமை உண்டு.

1949-இல் பிரான்சில் அதே இசோவார்டு மலை. அதே ஜூலை 18. இருவரும் சேர்ந்தே ஏறினர். பிரியான்சோனில் அன்றைய வெற்றியைக் கோப்பி அவருடைய பிறந்த நாளுக்காக விட்டுக்கொடுத்தார். பந்தயத்தைக் கோப்பி வென்றார், பார்த்தாலி இரண்டாமவர். 1951 ஜூன் மாதம் கோப்பியின் தம்பி செர்சே ஒரு பந்தயத்தில் விழுந்து தலையில் அடிபட்டு அன்றே இறந்தார். கோப்பியும் சைக்கிளை விட்டுவிடுவதாகச் சொன்னார். அந்தத் துக்கத்தின் பொருளை அறிந்தவர் பந்தய உலகில் ஒருவர் உண்டென்றால், அவர் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஜூலியோவைப் பறிகொடுத்த போட்டியாளரே. அடுத்த ஆண்டு கலிபியே மலையில் இருவரும் ஒரே தண்ணீர்ப் புட்டியைக் கைமாற்றிக்கொள்ளும் புகைப்படம் இத்தாலியில் எல்லாரும் அறிந்தது. கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்ற வழக்கு அங்கே இன்றும் தீரவில்லை.

1954-இல் பார்த்தாலி பந்தயங்களை விட்டு, பின்னர் இளையோர் குழுவுக்கு வழிகாட்டியானார். ஓய்ந்துவரும் கோப்பியைத் தம் குழுவில் சேர்த்துக்கொள்ள ஏற்பாடு செய்திருந்த வேளையில், ஆப்பிரிக்கா சென்று திரும்பிய கோப்பி மலேரியாவால் 1960 ஜனவரி 2-இல் மாண்டார்.

பார்த்தாலியும் அதிரியானாவும் அந்திரேயா, லூயிஜி, பியாங்கா என்ற மூன்று பிள்ளைகளை வளர்த்தனர். 2000-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள், தம் 85-ஆம் வயதில், பிளாரன்சில் தம் வீட்டில் அவர் காலமானார். 2005-இல் இத்தாலியக் குடியரசு பொதுநலத்துக்கான தங்கப் பதக்கத்தை அவர் பெயருக்கு அளித்தது. யாத் வாஷெம் தந்த கௌரவத்தையும் கண்டுவிட்டு, அதிரியானா 2014-இல் கணவரைப் பின்தொடர்ந்தார். 2018-இல் ஜிரோ பந்தயம் அவர் நினைவாக எருசலேமிலிருந்து தொடங்கிற்று. போந்தே ஆ ஏமாவில் அவர் பெயரால் ஒரு சைக்கிள் அருங்காட்சியகம் இருக்கிறது. மஞ்சள் சட்டைக்கும் இளஞ்சிவப்புச் சட்டைக்கும் அங்கே இடமுண்டு. அவரை அடக்கம் செய்தபோது அவற்றில் எதையும் அணிவிக்கவில்லை. அவர் விரும்பியபடி, மூன்றாம் சபையாருக்குரிய கார்மேல் உடையைத்தான் உடுத்தினார்கள்.